சூடு எங்கே போகுது?

விண்வெளி விளையாட்டுகளில் ஓடும் வண்டிகளின் சக்தி பற்றி ஒரு சிறு வரலாறு

மலர்க்குழுவில் இருக்கும் சீனியர் அண்ணன் ஒருவர் போன் செய்து, "தம்பி, ஒரு கட்டுரை வேணும். ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம். அதுல ஏற்கெனவே எட்டு வந்து கிடக்கு. படிக்கிற பசங்களுக்கும் உபயோகமா ஏதாவது எழுது" என்றார். எனக்கு உருப்படியாகத் தெரிந்தவை இரண்டே இரண்டு. ஒன்று பேட்டரி. இன்று எனக்குச் சோறு போடுவது அதுதான். இன்னொன்று வீடியோ கேம். அன்று மெஸ்ஸில் என் சோறு ஆறிப்போகக் காரணம் அதுதான். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். ஆரம்பம் மட்டும் ஹாஸ்டலில்தான், அண்ணன் மன்னிக்கவும்.

மூன்றாம் ஆண்டு. எங்கள் விங் முழுவதற்கும் ஒரே ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர். அதில் 'மாஸ் எஃபெக்ட்' என்ற விளையாட்டு. ஒருவன் ஓட்ட, ஐந்து பேர் வழி சொல்ல, மாக்கோ என்ற ஆறு சக்கர வண்டி ஏதோ ஒரு காற்றில்லாத நிலவில் மலையேறிக்கொண்டிருந்தது. மணி ஒன்று இருக்கும். திரும்பிப் பார்த்தால் பின்னால் தெர்மோடைனமிக்ஸ் சார். டெபுடி வார்டனும் அவரே. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. திட்டப் போகிறார் என்று நினைத்தோம். அவர், "வண்டி எதுலப்பா ஓடுது?" என்றார்.

"ஃப்யூயல் செல் சார். ஹைட்ரஜன், ஆக்ஸிஜன்." விளையாட்டுக்குள்ளேயே ஒரு கலைக்களஞ்சியம் உண்டு, அதில் படித்தது.

"சரி. சூடு எங்கே போகுது?"

ஆறு பேரும் வாயைத் திறக்கவில்லை. "யோசிச்சு வைங்க. இப்பப் போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டு டார்ச்சை அடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது ஒருமுறை என் பிழைப்பிலேயே கை வைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வந்தது தொட்டி

விண்வெளி விளையாட்டின் கதை 1962-ல் தொடங்குகிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பி.டி.பி-1 என்ற கம்ப்யூட்டரில் 'ஸ்பேஸ்வார்' எழுதினார்கள். இரண்டு கப்பல்கள், நடுவே ஈர்ப்புவிசையுள்ள ஒரு நட்சத்திரம். கப்பலில் எரிபொருள் அளவோடுதான் இருக்கும். தீர்ந்தால் நட்சத்திரம் இழுத்துக்கொள்ளும். எரிபொருள் என்ன, எஞ்சின் என்ன என்று யாரும் கேட்கவில்லை. ஒரு தொட்டி, அது காலியாகும். அவ்வளவுதான்.

1969 ஜூலையில் அப்போலோ-11 நிலவில் இறங்கியது. கடைசிக் கட்டத்தில் எரிபொருள் எத்தனை வினாடிக்கு மிச்சம் என்று ஹூஸ்டனிலிருந்து எண்ணிச் சொன்னார்கள்: 60 வினாடி, பிறகு 30 வினாடி. அதே ஆண்டு மாஸசூசெட்ஸில் ஜிம் ஸ்டோரர் என்ற பள்ளி மாணவர் நிலவில் இறங்கும் விளையாட்டை எழுதினார். படம் கிடையாது, எழுத்தும் எண்ணும் மட்டும். 10 வினாடிக்கு ஒருமுறை, வினாடிக்கு எத்தனை பவுண்டு எரிபொருளை எரிக்கலாம் என்று நாம் தட்ட வேண்டும். எரிய எரியக் கலத்தின் எடை குறையும். எடை குறையக் குறைய அதே உந்துவிசைக்கு வேகமாற்றம் கூடும். ராக்கெட் சமன்பாட்டை அந்தப் பையன் ஒழுங்காகவே போட்டிருந்தார். இந்த வகையில் பௌதிகத்தை மதித்த முதல் விளையாட்டுகளில் அது ஒன்று.

பத்து வருஷம் கழித்து, 1979-ல், அட்டாரி கம்பெனி இதையே படத்தோடு கடைகளில் வைக்கும் எந்திரமாகக் கொண்டு வந்தது. எரிபொருள் குறைந்தால் இன்னொரு காசு போடலாம், தொட்டி நிறையும். விண்வெளி வண்டிகளுக்கு இதுவரை சொல்லப்பட்ட சக்தி மூலங்களிலேயே ஒளிவுமறைவில்லாதது இதுதான் என்பேன். சக்தி நம் சட்டைப்பையிலிருந்து வந்தது!

பிறகு வந்தது ஊற்று

தொட்டி காலியானால் ஆட்டம் முடிந்தது என்பது கடைக்காரனுக்கு நல்லது. வீட்டில் மணிக்கணக்காக ஆட வேண்டுமானால் வழியிலேயே நிரப்பிக்கொள்ள ஏற்பாடு வேண்டும். 1984-ல் பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டரில் வந்த 'எலீட்' அதைச் செய்தது. எழுதியவர்கள் டேவிட் பிரேபன், இயன் பெல். இருவரும் கேம்பிரிட்ஜ் மாணவர்கள். 32 கிலோபைட் நினைவகத்துக்குள் எட்டு நட்சத்திர மண்டலங்களை அடைத்தார்கள். கப்பல் ஒரு தொட்டியில் 7 ஒளியாண்டு தாவும். அதன்பின் ஊருக்குள் வந்து வாங்கலாம்; அல்லது சூரியனை உரசிக்கொண்டு பறந்து அள்ளிக்கொள்ளலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்னக் கோடு. திரையின் கீழே 'கேபின் வெப்பநிலை' என்று ஒரு மானி. சூரியனை நெருங்கினால் ஏறும். முழுக்க ஏறினால் கப்பல் காலி. அதாவது எங்கள் சார் கேட்ட கேள்வியின் முதல் எழுத்து 1984-லேயே திரைக்கு வந்துவிட்டது.

நட்சத்திரத்திலிருந்து ஹைட்ரஜனை அள்ளி அணுப்பிணைவில் ஓடலாமா? 2014 டிசம்பரில் வந்த இதே விளையாட்டின் வாரிசு 'எலீட் டேஞ்சரஸ்' இந்த ஹைட்ரஜன் கணக்கில்தான் ஓடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதாரண ஹைட்ரஜன் பிணைவது மகா மந்தம். சூரியனின் மையத்திலேயே ஒரு கன மீட்டருக்குச் சுமார் 276 வாட்தான் உற்பத்தி. அதே அளவுக்கு மனித உடம்பை எடுத்துக்கொண்டால் நாம் அதைவிட அதிகம் சூடு விடுகிறோம். சூரியன் பிரகாசிப்பது வேகத்தால் அல்ல, பருமனால். சின்னக் கப்பலுக்கு டியூட்டீரியம், டிரிட்டியம் மாதிரி சுலபமாகப் பிணைகிற சரக்கு வேண்டும். அதிலும் பூமியில் நாம் எங்கே நிற்கிறோம்? 2022 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் லேசர் கூடத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளி உள்ளே போய் 3.15 மெகாஜூல் வெளியே வந்தது. பெரிய சாதனைதான். ஆனால் அந்த லேசர்களை எழுப்பச் சுவரிலிருந்து இழுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல்!

நிஜ வண்டிகள் எதில் ஓடின?

விளையாட்டை எடை போட நிஜம் வேண்டும். 1970 நவம்பரில் சோவியத்தின் லூனோகோத்-1 நிலவில் இறங்கியது. எட்டுச் சக்கரம், மூடி போட்ட அண்டா மாதிரி உருவம். பகலில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் சூரியத் தகடு. இரவில் மூடிக்கொண்டு தூங்கும். உள்ளே பொலோனியம்-210 வைத்த ஒரு கணப்பு. கவனியுங்கள், அணுசக்தி அங்கே ஓட்டுவதற்கு இல்லை; குளிரில் சாகாமல் இருப்பதற்கு.

1971 ஜூலையில் அப்போலோ-15 கொண்டுபோன நிலவு ஜீப்புக்கு 36 வோல்ட் சில்வர்-ஸிங்க் பேட்டரி இரண்டு. மறுபடி சார்ஜ் செய்ய முடியாது. நாலு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார், ஒவ்வொன்றும் கால் குதிரைசக்தி. நம் ஊர் வீட்டுக் கிணற்று மோட்டாரைவிடச் சிறிசு. 1972-ல் அப்போலோ-17 இந்த மாடலில் சுமார் 36 கிலோமீட்டர் ஓட்டியது. அதன் சூட்டை எப்படிச் சமாளித்தார்கள் தெரியுமா? மெழுகு! ஓடும்போது வரும் சூட்டை மெழுகு உருகி வாங்கிக்கொள்ளும். வண்டி நின்றதும் தூசி மூடியைத் திறந்துவிட்டால் ரேடியேட்டர் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். இவ்வளவு எளிமையான, அழகான ஏற்பாட்டை நான் எந்த விளையாட்டிலும் பார்க்கவில்லை.

2012-ல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டியிடம் 4.8 கிலோ புளூட்டோனியம் டையாக்ஸைடு இருக்கிறது. அது தரும் சூடு சுமார் 2,000 வாட். அதிலிருந்து கிடைத்த மின்சாரம், புதிதாக இருந்தபோது, சுமார் 110 வாட். ஒன்றரை சீலிங் ஃபேனுக்குப் போதும். அதை வைத்துக்கொண்டு 900 கிலோ வண்டி ஓட வேண்டும். ஆகவேதான் அதன் உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 4 சென்டிமீட்டர். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்பது ஒரு கணக்கு. மோட்டார் நிமிஷத்துக்கு எவ்வளவு இறைக்கும் என்பது வேறு கணக்கு. புளூட்டோனியம் வற்றாத கிணறு, ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்தச் சொட்டைப் பேட்டரியில் சேர்த்து வைத்துத்தான் வண்டியை நகர்த்துகிறார்கள்.

சூரியத் தகட்டின் கதை வேறு. 2004-ல் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி 45 கிலோமீட்டர் ஓடியது. 2018 ஜூனில் தூசிப்புயல். ஒரு நாளைக்கு 645 வாட்-மணி கிடைத்த இடத்தில் 22 வாட்-மணி. அதோடு பேச்சு நின்றது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நாம் எல்லோரும் டி.வி. முன்னால் கைதட்டினோமே, அந்த பிரக்யானின் தகடு 50 வாட். நூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடிற்று. ஒரு நிலவுப் பகல், அதாவது நமக்கு 14 நாள், அதற்காகத்தான் செய்யப்பட்டது. இரவின் குளிருக்குப் பிறகு எழுப்பிப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. அதை யாரும் தோல்வி என்று சொல்லவில்லை. கணக்கிலேயே அப்படித்தான் இருந்தது.

ஆக, ஒரு வண்டியின் சக்தியை எடை போட நாலு கேள்வி போதும். எங்கிருந்து வருது? எவ்வளவு வேகமா வருது? எத்தனை நாளைக்கு வரும்? சூடு எங்கே போகுது? இந்த நாலையும் வைத்துக்கொண்டு இக்கால விளையாட்டுகளைப் பார்ப்போம்.

தரையில் முளைத்த புளூட்டோனியம்

2016 ஆகஸ்டில் 'நோ மேன்ஸ் ஸ்கை' வந்தபோது, கப்பலைத் தரையிலிருந்து கிளப்பப் புளூட்டோனியம் வேண்டும். கவலையில்லை, எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் சிவப்புப் படிகமாகத் தரையில் நிற்கும். லேசரால் தட்டினால் ஒரு நிமிஷத்தில் பை நிறையும். 2018-ல் வந்த பெரிய மாற்றத்தில் இந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டார்கள்.

நிஜத்தில்? விண்கலங்களில் வைக்கும் புளூட்டோனியம்-238-ன் அரை ஆயுள் 87.7 வருஷம். கோடிக்கணக்கான வயதுள்ள கிரகத்தில் அது படிகமாக நிற்க வழியே இல்லை. எப்போதோ கரைந்து போயிருக்கும். நெப்டூனியத்தை அணு உலையில் வைத்து நாமே சமைக்க வேண்டும். அமெரிக்கா அந்தச் சமையலை 1988-ல் நிறுத்தியது. மறுபடி அடுப்பை மூட்டி 2015 டிசம்பரில் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் அறிவித்த முதல் அளவு 50 கிராம். ஐம்பதே கிராம்! முதல் கேள்வியிலேயே இந்த விளையாட்டு ஃபெயில்.

எலீட் டேஞ்சரஸும் தரைக்கு வந்ததும் சறுக்குகிறது. 2015 டிசம்பரில் அதில் சேர்ந்த தரை வண்டிக்கு எரிபொருள் தீர்ந்தால், பாறையை உடைத்துப் பாஸ்பரஸும் கந்தகமும் எடுத்துக் கலந்துகொள்ளலாம். இரண்டும் எரியும் சரக்குதான், சிவகாசியில் கேளுங்கள். ஆனால் தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் எதற்கு இருக்கிறது? ஆக்ஸிஜன் கொடுக்க. காற்றில்லாத நிலவில் பாஸ்பரஸையும் கந்தகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு எரிப்பது எப்படி? ஆக்ஸிஜனைப் பற்றி விளையாட்டு மூச்சு விடவில்லை.

கணக்குப் புத்தகம் வந்தது

2011 ஜூனில் மெக்சிகோவிலிருந்து ஒரு விளையாட்டு முதன்முதலாக வெளியானது: 'கெர்பல் ஸ்பேஸ் புரோக்ராம்'. முழு வடிவம் 2015 ஏப்ரலில். நாமே ராக்கெட்டையும் ரோவரையும் கட்ட வேண்டும். சூரியனிலிருந்து தூரம் போகப் போகத் தகட்டின் மின்சாரம் தூரத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி குறையும். பேட்டரி தீர்ந்தால் ஆளில்லாத ரோவர் பேச்சு மூச்சில்லாமல் நிற்கும். 2015-ல் சூட்டுக் கணக்கையும் ரேடியேட்டர்களையும் சேர்த்தார்கள். ஒருவன் இதை நூறு மணி நேரம் ஆடினால் சுற்றுப்பாதை இயக்கவியல் பேப்பரில் பாதி பாஸ்.

ஆனாலும் இரண்டு இடத்தில் விளையாட்டு பொய் சொல்கிறது. அதன் அயான் எஞ்சின் 2 கிலோநியூட்டன் தள்ளும். 2007-ல் ஏவிய நாசாவின் டான் விண்கலத்தின் அயான் எஞ்சின் அதிகபட்சம் சுமார் 90 மில்லிநியூட்டன். இரண்டு வெள்ளைத்தாளைக் கையில் வைத்தால் தெரிகிற கனம், அவ்வளவுதான். வித்தியாசம் இருபதாயிரம் மடங்குக்கு மேல். டான் அந்த இரண்டு தாள் கனத்தை வருஷக்கணக்கில் விடாமல் தள்ளித்தான் 2011-ல் வெஸ்டாவையும் 2015-ல் சீரஸையும் எட்டியது. ஆடுகிறவனை அத்தனை வருஷம் உட்கார வைக்க முடியுமா? இந்தப் பொய் தெரிந்தே சொன்ன பொய், வேறு வழியில்லை.

இரண்டாவது, அதன் புளூட்டோனியம் பெட்டி. அது என்றைக்கும் ஒரே அளவு மின்சாரம் தரும். 2019-ல் முழுமையாக வெளியான 'ஆஸ்ட்ரோனியர்' விளையாட்டிலும் அப்படியே. ஒரு பெட்டியைச் செருகினால் யுகயுகமாக ஓடும். வாயேஜரைப் பாருங்கள். 1977-ல் கிளம்பும்போது சுமார் 470 வாட். வருஷத்துக்குச் சுமார் 4 வாட் குறைந்துகொண்டே வருகிறது. வீட்டு விளக்கை ஒவ்வொன்றாக அணைப்பது போல, 2024-ல் வாயேஜர்-2-ல் ஒரு கருவி, 2025-ல் வாயேஜர்-1-ல் ஒரு கருவி என்று அணைத்தார்கள். மூன்றாம் கேள்வியை விளையாட்டு கேட்டிருந்தால் இந்தப் பிரியாவிடையும் ஆட்டத்தில் இருந்திருக்கும்.

கடைசிக் கேள்வி

இப்போது சாரின் கேள்விக்கு வருவோம். பூமியில் எஞ்சின் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். வெற்றிடத்தில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும். 27 டிகிரியில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் கரும்பரப்பு சுமார் 460 வாட்தான் வெளியே விடும். ஒரு மெகாவாட் கழிவுச் சூட்டை விட வேண்டுமானால் சுமார் 2,200 சதுர மீட்டர், அதாவது அரை ஏக்கருக்கும் மேலே தகடு விரிக்க வேண்டும். ரேடியேட்டர் அதிகச் சூட்டில் ஓடினால் பரப்பு வெகுவாகக் குறையும். ஆனால் பூஜ்யம் ஆகாது. வீடியோ கேம் கப்பல்களில் வளைந்த இறக்கையும் நீல வெளிச்சமும் பார்த்திருப்பீர்கள். அரை ஏக்கர் தகடு பார்த்திருக்கிறீர்களா?

நியாயமாகச் சொன்னால் சில விளையாட்டுகள் இதைக் கேட்டிருக்கின்றன. எலீட் டேஞ்சரஸில் ஒளிந்துகொள்ள வேண்டுமானால் ரேடியேட்டரை மூடலாம். மூடினால் சூடு உள்ளேயே ஏறிக் கப்பல் வேக ஆரம்பிக்கும். மாஸ் எஃபெக்ட் கப்பலும் சூட்டைச் சேமித்து வைத்துத்தான் எதிரி கண்ணில் படாமல் போகும். சில மணி நேரத்தில் அதை வெளியே விட்டாக வேண்டும். சரியான பௌதிகம், அதிலிருந்தே பிறந்த நல்ல ஆட்டம். ஆனால் அதே விளையாட்டின் மாக்கோ வண்டி? ஃப்யூயல் செல் நிஜமான சரக்கு. 1965-ல் ஜெமினி-5 அதில்தான் பறந்தது. அப்போலோவுக்கும் அதுவே மின்சாரமும் குடிநீரும் தந்தது. 1970 ஏப்ரலில் அப்போலோ-13-ல் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்தபோது இரண்டும் சேர்ந்து போயிற்று. ஆனால் மலையேறும் கனரக வண்டியின் ஃப்யூயல் செல், மின்சாரமாகத் தருகிற அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாகச் சூட்டையும் தரும். அதை எங்கே விடுவது என்று மாக்கோவில் நாங்கள் தேடிப் பார்த்தோம். ஒரு தகடும் கண்ணில் படவில்லை.

சொன்னபடி என் கதை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், எலெக்ட்ரிக் மூன்று சக்கர வண்டிக்கு ஒரு பேட்டரி பெட்டி வடிவமைத்தேன். நாலு கேள்வியில் மூன்றுக்கு முத்துமுத்தாகப் பதில் வைத்திருந்தேன். எத்தனை யூனிட், எத்தனை ஆம்பியர், எத்தனை வருஷம். தண்ணீரும் தூசியும் போகாமல் பெட்டியை இறுக்கமாக மூடியும் இருந்தேன். மே மாதம், மதியம், லோடு ஏற்றிச் சோதனை ஓட்டம். நாற்பதாவது நிமிஷம் சூடு தாங்காமல் பாதுகாப்பு சர்க்யூட் மின்சாரத்தை வெட்டிவிட்டது. பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஐம்பது வயது கடந்த டிரைவர் அண்ணாச்சி அந்த வெயிலில் இரண்டு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோபப்படவில்லை. "சார், வண்டி நல்லாத்தான் ஓடுது. மூச்சு விடத்தான் அதுக்கு வழி இல்ல" என்றார்.

அன்று ராத்திரி எனக்கு மாக்கோ வண்டியும், டார்ச்சோடு நின்ற சாரும்தான் ஞாபகம் வந்தார்கள். பரீட்சையில் வெப்பக் கடத்தலுக்கு நான் வாங்கிய மார்க் எண்பதுக்கு மேல். கேள்வித்தாளில் வந்தால் பதில் தெரியும். வண்டியாக வந்தபோது கேள்வியே தோன்றவில்லை. எரிபொருள் என்றால் திரையில் குறையும் ஒரு கோடு என்று மனசு பழகிவிட்டதோ என்று இன்றும் சந்தேகம் உண்டு. பெட்டியை மாற்றினேன். அலுமினியத் தகடு, காற்று போக வழி. நிலவு ஜீப்பின் மெழுகைப் பற்றி முதன்முதலாகப் படித்ததும் அந்த வாரம்தான்.

ஆகவே தம்பி தங்கைகளே, விளையாடாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நன்றாக விளையாடுங்கள். 1962-ல் வெறும் தொட்டியாக இருந்தது இன்று பாதிக் கணக்குப் புத்தகமாக வளர்ந்திருக்கிறது. மீதிப் பக்கங்களை எழுதப் போகிறவர்கள் உங்களில் சிலர். விளையாட்டு பொய் சொன்னால் தப்பில்லை. எந்த இடத்தில் சொல்கிறது என்று ஆடுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக ஒரு வண்டியைத் திரையில் பார்த்தாலும் சரி, நாளை நீங்களே வரைந்தாலும் சரி, அந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்.

சார் ரிட்டயர் ஆகிவிட்டார். இந்த ஆண்டு கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னார்கள். அன்று ராத்திரி சொல்லாத பதிலை இத்தனை வருஷம் தாமதமாக அவரிடம் நேரில் சொல்ல உத்தேசம். சூடு எங்கேயும் தானாகப் போகாது சார். நாமதான் வழி விடணும்.